யார் யாரோ கை வச்ச ஹெரால்ட்

பழைய வண்டி வச்சிருக்கவங்க யாரக் கேட்டாலும் இதத்தான் சொல்வாங்க, வண்டி பழசானதால வர்ற தொல்லை கொஞ்சம் தான், நமக்கு முன்னாடி வச்சிருந்தவங்க பண்ணி வச்ச ரிப்பேரால வர்ற தொல்லை தான் முக்காவாசி. துரு பிடிக்கும், ரப்பர் வெடிக்கும், பேரிங் தேயும், அதெல்லாம் காலத்தோட வேலை, அது மேல எனக்கு எந்தக் கோவமும் கிடையாது. அம்பது வருஷத்துக்கு மேல ஓடின இரும்பு தேயத்தான் செய்யும். ஆனா ஒருத்தர் உக்காந்து, கையில ஸ்பேனர எடுத்து, தப்புன்னு தெரிஞ்சே ஒரு வேலைய பண்ணிட்டு, அது வெளிய தெரியாம இருக்க மேல பெயிண்டும் அடிச்சு அடுத்தவன் தலையில கட்டியிருக்காருன்னா, அத நினைக்கும்போதே எனக்கு வயிறு எரியுது.

என்கிட்ட இருக்கிறது ஸ்டாண்டர்டு ஹெரால்ட் மார்க் 3, நாலு கதவு வச்சது. இப்ப இருக்கிற பசங்களுக்கு தெரியாம இருக்கலாம், இது நம்ம மெட்ராஸ் வண்டி. இங்கிலாந்துல டிரையம்ஃப் ஹெரால்டுன்னு 1959-ல வந்துச்சு, டிசைன் பண்ணினவர் ஜியோவானி மிக்கலோட்டின்னு ஒரு இத்தாலிக்காரர், அத 1961-லேர்ந்து இங்க ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரிச்சாங்க, வண்டலூர் பக்கம் ஃபேக்டரி. இங்கிலாந்துல இதுக்கு ரெண்டு கதவு தான், நாலு கதவு வச்சு பண்ணினது நம்ம ஊர்ல மட்டும் தான், குடும்பத்தோட போறவங்களுக்காக. 948 சிசி எஞ்சின். பானெட், முன் மட்கார்டு ரெண்டும், ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டா முன்னாடி சாயும், சாச்சுட்டா எஞ்சின சுத்தி மறைக்கிறதுக்கு ஒண்ணுமே இருக்காது, டயர் மேலயே உக்காந்து வேலை பாக்கலாம். 25 அடி இருந்தா போதும், முழு வட்டம் அடிச்சு திரும்பிடும், தி.நகர் சந்துல கூட ரிவர்ஸ் எடுக்க வேண்டியதே இல்ல. ரிப்பேர் பண்ண சுலபமா இருக்கணும்னே கட்டின வண்டி மாதிரி இருக்கும், அப்படிப்பட்ட வண்டியத்தான் இந்த கதிக்கு ஆளாக்கி வச்சிருக்காங்க.

வாங்கும்போதே வேலை இருக்கும்னு தெரியும், அத சொல்லித்தான் விலை பேசினது. ஒர்க்‌ஷாப்புல ஏத்தின உடனே எங்க மெக்கானிக் பெரியவர் கீழ குனிஞ்சு பாத்துட்டு வேற எதுவும் பேசல, "சார், இது நிறைய பேர் கை வச்ச வண்டி, நான் கழட்ட கழட்ட உங்களுக்கு போன் பண்றேன், நீங்க வந்து பாத்துட்டு தான் மேல போவேன்"ன்னார். அவர் ஏன் அப்படி சொன்னாருன்னு அப்புறம் தான் புரிஞ்சுது. ஒவ்வொரு தடவையும் போய் நின்னு பாக்க வேண்டியிருந்துச்சு, ஏன்னா எது கம்பெனி பண்ணினது எது ஆளுங்க பண்ணினதுன்னே பிரிச்சு பாக்க முடியல.

பாடிய முதல்ல சொல்றேன். ஹெரால்டோட பாடி ஒரே துண்டா வெல்டிங் பண்ணினது இல்ல, துண்டு துண்டா செஞ்சு போல்ட் போட்டு மாட்டினது, கீழ மொத்தத்தையும் தாங்குற இரும்புச் சட்டம், அதாவது சேஸ், தனியா இருக்கும். அப்படி பண்ணினதுக்கு ஒரு காரணம் இருக்கு. இங்கிலாந்துல இந்த வண்டிய பண்ணின ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்கு பாடி சப்ளை பண்ணிட்டு இருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனிய 1953-ல போட்டி கம்பெனியான பிஎம்சி வாங்கிடுச்சு, முழு பாடி செஞ்சு குடுக்க ஆள் இல்லாம போச்சு, அதனால தனித்தனி துண்டா வெவ்வேற இடத்துல செஞ்சு கடைசில ஒண்ணா மாட்டிக்கலாம்னு இப்படி ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. கஷ்டத்துல யோசிச்ச வழி தான், ஆனா வண்டிய வச்சிருக்கவனுக்கு அது பெரிய வரம். முன் பாதி தனியா வரும், பின் பாதி தனியா வரும், ஒரு பேனல் போச்சுன்னா போல்ட்ட கழட்டி அத மட்டும் சரி பண்ணலாம்.

என் வண்டில முன் பாதியும் பின் பாதியும் சேர்ற ஜாயின்ட்ட யாரோ நீளத்துக்கு ஆர்க் வெல்டிங் வச்சு ஒட்டி விட்டுருக்காங்க. போல்ட் துரு ஏறி கழட்ட வரலன்னு இருக்கலாம், இல்ல சத்தம் வருதுன்னு யாராவது கம்ப்ளைன்ட் பண்ணிருக்கலாம். கொஞ்சம் சூடு காட்டி, எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டிருந்தா வந்திருக்கும் அந்த போல்ட். இப்ப அத பிரிக்கணும்னா கிரைண்டர் வச்சு அறுக்கணும், அறுத்தா ஒரிஜினல் விளிம்பும் சேர்ந்து போகும். கழட்டி மாட்டுறதுக்காகவே செஞ்ச ஒரு வண்டிய இனிமே கழட்டவே முடியாதபடி பண்ணிருக்காங்க, இத விட அந்த வண்டிய புரிஞ்சுக்காத வேலை வேற இருக்க முடியாது.

அதுக்கு கீழ சேஸ். சேஸ்லேர்ந்து ரெண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி பெட்டி பெட்டியா அவுட்ரிக்கர் வரும், பாடியோட ஓரத்த தாங்குறது அது தான். உள்ள கூடா இருக்கும், தண்ணி போனா உள்ளேர்ந்து அரிக்கும், ஹெரால்டுக்கு உலகம் பூரா இருக்கிற வியாதி இது. சரியான வைத்தியம் என்னன்னா துரு பிடிச்சத நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு புதுசா பெட்டி அடிச்சு வைக்கணும். இங்க என்ன பண்ணிருக்காங்கன்னா துருவ அப்படியே விட்டுட்டு அது மேல ஒரு தகடு, அந்த தகடு போனதும் அது மேல இன்னொரு தகடு. பெரியவர் சுத்தியல்ல லேசா தட்டினதும் உள்ளேர்ந்து துரு பொடி மண்ணோட கொட்டுது. புண்ண கழுவாம மேல பவுடர் போட்டு மறைச்ச கதை தான். வெளித் தகடு மட்டும் பாக்க திடமா இருக்கு, கறுப்பு பெயிண்ட் பளபளன்னு இருக்கு, வாங்க வர்றவன் குனிஞ்சு பாத்தா சேஸ் சூப்பரா இருக்கேன்னு தான் நினைப்பான்.

இதுல எனக்கு ரொம்ப மனசு விட்டுப் போனது அடுத்து நடந்தத பாத்து தான். அவுட்ரிக்கர் அரிச்சதால பாடி ஒரு பக்கம் இறங்கிருக்கு, பாடி இறங்கினதால கதவு கேப் மாறிருக்கு, கதவு சாத்தும்போது கீழ இடிச்சிருக்கு. அப்ப அந்த வண்டிய டிங்கரிங் பட்டறைக்கு கொண்டு போயிருக்காங்க, அவங்க கதவு ஏன் இடிக்குதுன்னு பாக்காம கதவோட கீழ் விளிம்ப தட்டி சுருக்கி, மேல வந்த பெரிய கேப்ப பட்டி, அதாவது பெயிண்டுக்கு அடியில பூசுற மாவு, போட்டு அடைச்சு, கீல எடுத்து வேற இடத்துல ஓட்ட போட்டு மாட்டி, கதவு அழகா சாத்துற மாதிரி பண்ணி அனுப்பிட்டாங்க. அப்ப கதவு சரியாயிடுச்சு, நோய் அப்படியே இருக்கு. இப்ப நான் அவுட்ரிக்கர சரி பண்ணி பாடிய அதோட ஒரிஜினல் உயரத்துக்கு தூக்கினா கதவு எதுவும் பொருந்தல! அதாவது ஒரு தப்பு வேலைய சரி பண்ணினா அதுக்கு ஏத்த மாதிரி பண்ணின அடுத்த தப்பு வெளிய வருது, அத சரி பண்ண போனா கீல் ஓட்டை எல்லாத்தையும் அடைச்சு பழைய இடத்த தேடி திரும்ப போடணும், அந்த பழைய இடம் எதுன்னு சொல்ல ஒரு அடையாளம் கூட மிச்சம் வைக்கல. நான் வேற ஒருத்தரோட நாலு கதவு ஹெரால்ட தேடிப் போய், அவர்கிட்ட கெஞ்சி, இஞ்ச் டேப் வச்சு அளவு எடுத்துட்டு வந்து தான் வேலைய ஆரம்பிக்க முடிஞ்சுது. அந்த மனுஷன் நல்லா இருக்கணும், காபி குடுத்து, கதவ தானே கழட்டி காமிச்சார்.

பட்டி பத்தி தனியா ஒரு நாள் எழுதணும். சின்ன காந்தத்த துணில சுத்தி பாடி மேல ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடும், இரும்பு இருக்கிற இடத்துல இழுக்கும், பட்டி கனமா இருக்கிற இடத்துல சும்மா வழுக்கிட்டு விழும். என் வண்டியோட பின் மட்கார்டு ரெண்டுலயும் சக்கரத்துக்கு மேல காந்தம் எங்கயுமே நிக்கல. சொரண்டிப் பாத்தா உள்ள கொசுவலை. ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலைய வெட்டி ஓட்டைக்கு குறுக்க வச்சு அது மேல பட்டிய அப்பி தேச்சிருக்காங்க. பட்டிங்கிறது ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் பள்ளத்த சமமாக்குறதுக்கு, இல்லாத தகட்ட இருக்குன்னு காட்டுறதுக்கு இல்ல. அது ஈரத்த வேற இழுக்கும், மேல பெயிண்ட் இருக்கிறதால காயவும் காயாது, சுத்தி இருக்கிற நல்ல தகடும் அதோட சேர்ந்து அரிச்சு போகும். ஒரு ரூபாய் அளவு ஓட்டைக்கு அன்னிக்கே ஒரு துண்டு தகடு வச்சு கேஸ் வெல்டிங் பண்ணிருந்தா முடிஞ்சிருக்கும், இப்ப நான் முழு வளைவையும் கையால அடிச்சு செய்ய வேண்டியிருக்கு.

வயரிங். லூகாஸ் வயரிங்க குறை சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க, நான் ஒத்துக்க மாட்டேன், அதுல இருக்கிற கலர் முறை அவ்வளவு தெளிவானது. பிரவுன்னா பேட்டரிலேர்ந்து நேரா எப்பவும் கரன்ட் இருக்கிற வயர், வெள்ளைன்னா சாவி போட்டா வர்றது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட், கறுப்பு எர்த். அந்த கலர் தெரிஞ்சா டேஷ்போர்டுக்கு அடியில தலைய விட்டு டார்ச் அடிச்சாலே எது எங்க போகுதுன்னு படிச்சிடலாம். என் வண்டில டேஷ்போர்டுக்கு அடியில இருந்தது பூரா வீட்டு வயரிங்குக்கு போடுற மஞ்சள் வயர். எல்லாமே மஞ்சள். ஹார்னும் மஞ்சள், இன்டிகேட்டரும் மஞ்சள், பேட்டரிலேர்ந்து வர்ற மெயினும் மஞ்சள். ஜாயின்ட் எல்லாம் பல்லால கடிச்சு உரிச்சு முறுக்கி டேப் சுத்தினது, டேப்போட பசை வெயில்ல உருகி வழிஞ்சு நாலு வயரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கு. நம்ம ஊர் மே மாச வெயில்ல பூட்டி நிறுத்தின காருக்குள்ள அந்த டேப் என்ன பாடு படும்னு யோசிச்சுப் பாருங்க. தீப்பிடிக்காம இத்தனை வருஷம் ஓடினது அந்த வண்டியோட ஆயுசு கெட்டின்னு தான் சொல்லணும்.

அதுலயே ஒரு நுணுக்கமான தப்பு, இத கண்டுபிடிக்க எங்களுக்கு ரொம்ப நேரம் எடுத்துச்சு. அந்த காலத்து பிரிட்டிஷ் வண்டி நிறைய பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் தான் பாடில மாட்டிருக்கும், நெகட்டிவ் தான் வயர்ல ஓடும். என் வண்டியும் அப்படி வந்த வண்டி தான். யாரோ டேப் ரெக்கார்டர் மாட்டுறதுக்காக பேட்டரிய திருப்பி நெகட்டிவ் எர்த் ஆக்கிருக்காங்க. ஆக்கலாம், தப்பே இல்ல, ஆனா அதோட சேர்த்து செய்ய வேண்டிய வேலை இருக்கு. பேட்டரிய சார்ஜ் பண்ற டைனமோவுக்கு போலாரிட்டி மாத்தி விடணும், பிளக்குக்கு ஸ்பார்க் குடுக்கிற இக்னிஷன் காயில்ல ரெண்டு வயரையும் இடம் மாத்தணும். டைனமோவ மாத்திருக்காங்க, ஏன்னா அது மாத்தலன்னா சார்ஜ் ஒழுங்கா ஏறாது, உடனே தெரிஞ்சிடும். காயில விட்டுட்டாங்க, ஏன்னா காயில் வயர் தலைகீழா இருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும். ஆனா பிளக்ல ஸ்பார்க் தலைகீழா பாயும், அப்படி பாயணும்னா வோல்டேஜ் ஜாஸ்தி வேணும், அதனால எஞ்சின் சூடாகி மேட்டுல ஏறும்போது மிஸ்ஸிங் வரும். இந்த மிஸ்ஸிங்குக்காக முன்னாடி வச்சிருந்தவங்க கார்புரேட்டர குடைஞ்சு, அதுல பெட்ரோல் அளவா போற ஜெட்ட பெருசாக்கி, பாயின்ட் கண்டென்சர் எல்லாம் மாத்தி, டைமிங்க தள்ளி வச்சு என்னென்னமோ பண்ணிருக்காங்க, எல்லாத்தோட அடையாளமும் வண்டில இருக்கு. ரெண்டு வயர இடம் மாத்தினா தீர்ற விஷயம். பெரியவர் மாத்தினார், மிஸ்ஸிங் நின்னுச்சு, ஆனா குடைஞ்ச ஜெட் குடைஞ்சது தானே, அதுக்கு வேற ஜெட்டு தேடி பழைய ஸ்பேர் விக்கிற புதுப்பேட்டை முழுக்க அலைஞ்சேன்.

எஞ்சின் சூட்ட அளவா வச்சுக்கிற தெர்மோஸ்டாட் இல்ல. இத சொல்லவே வேணாம், நம்ம ஊர்ல எந்த பழைய வண்டிலயும் இருக்காது. வண்டி ஹீட் ஆகுதுன்னா முதல் வேலையா அத கழட்டி தூக்கி போடுவாங்க, அடைச்சுக் கிடக்கிற ரேடியேட்டர பாக்க மாட்டாங்க.

இப்ப சொல்லப் போறது தான் நான் எழுத உக்காந்ததுக்கே காரணம். ஹெரால்டோட முன் சக்கரத்துல ட்ரன்னியன்னு ஒண்ணு இருக்கு. வெண்கலத்துல செஞ்ச சின்ன கட்டை, அதுக்குள்ள மரை, அந்த மரைக்குள்ள வெர்டிகல் லிங்க்னு ஒரு இரும்புத் தண்டோட அடிப்பகுதி திருகி உக்காந்திருக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைக்குள்ள தான் தண்டு திரும்பும், இடது பக்கம் ஒரு திசை மரை, வலது பக்கம் எதிர் திசை மரை. வண்டியோட முன் எடை மொத்தமும் அந்த மரை வழியா தான் போகுது. அதுக்கு விட வேண்டியது கிரீஸ் இல்ல, கெட்டியான கியர் ஆயில், ஈபி 90. கம்பெனி மேனுவல்ல தெளிவா போட்டிருக்கு, அத விடுறதுக்கு இடமும் குடுத்திருக்காங்க. ஆயில்னா மரை இடுக்கு பூரா இறங்கி கீழ வரைக்கும் போய் நிக்கும். கிரீஸ் அடிச்சா மேல கொஞ்சம் போகும், அப்புறம் காஞ்சு கல்லாகி வழிய அடைச்சுக்கும், கீழ ஒண்ணும் போகாது, மழைத் தண்ணி மட்டும் போகும். தண்டு மரைக்கு பக்கத்துல துரு பிடிச்சு, கண்ணுக்கு தெரியாம கீறல் விட்டு, ஒரு நாள் முறிஞ்சிடும். முறிஞ்சா சக்கரம் அப்படியே மடிஞ்சு பாடிக்கு அடியில போயிடும். நிறைய பேருக்கு இது மெதுவா முழு ஸ்டீயரிங் ஒடிச்சு திரும்பும்போது நடந்திருக்கு, அதனால பொழைச்சாங்க. ஜிஎஸ்டி ரோட்டுல லாரிக்கு பக்கத்துல போகும்போது நடந்தா?

இங்க என்ன நடந்திருக்கும்னு என்னால ஊகிக்க முடியுது. நம்ம ஊர்ல வாட்டர் சர்வீஸ்னு விட்டா கீழ தண்ணி பீச்சி அடிச்சுட்டு, கிரீஸ் கன்ன எடுத்துட்டு வந்து கண்ணுல படுற ஒவ்வொரு நிப்பிள்லயும் நாலு அழுத்து அழுத்துவாங்க. அம்பாசடருக்கும் அப்படித்தான், ஃபியட்டுக்கும் அப்படித்தான், இதுக்கும் அப்படித்தான். அந்தப் பையன நான் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. ஆனா என் வண்டில நடந்தது அதோட நிக்கல. வலது பக்க ட்ரன்னியன கழட்டினா வெளிய வந்த தண்டு ஏற்கனவே ஒரு தடவை முறிஞ்சு, வெல்டிங் பண்ணி, லேத்துல கடைஞ்சு, மரை திரும்ப போட்டு மாட்டினது. முன் சக்கரத்த தாங்குற தண்ட வெல்டிங் பண்ணி மாட்டிருக்காங்க! மாட்டினவருக்கு அது ஏற்கனவே முறிஞ்சது தெரியும், முறிஞ்சா என்ன ஆகும்னு அவர் கண்ணாலயே பாத்திருக்கார், சக்கரம் மடிஞ்சு வண்டி ரோட்டுல உக்காந்தத பாத்திருக்கார். பாத்தும் அந்த வண்டிய இன்னொரு குடும்பத்துக்கு வித்திருக்கார். வித்தப்ப இத சொல்லிருந்தா கூட போதும். விலையில கொஞ்சம் குறைஞ்சிருக்கும், அவ்வளவு தானே.

பெரியவர் அந்த தண்ட கையில வச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "தம்பி, உங்க வீட்டம்மாவும் குழந்தைகளும் இதுல வந்தாங்களா?"ன்னு கேட்டார். சார்னு கூப்பிடுறவர் அன்னிக்கு தான் தம்பின்னார். வந்தாங்கன்னு சொல்லவே எனக்கு வாய் வரல, தலைய மட்டும் ஆட்டினேன்.

அன்னிக்கே மீதி எல்லாத்தையும் பிரிச்சுடுங்கன்னு சொல்லிட்டேன், செலவு எவ்வளவு ஆனாலும். பிரிச்சதுல பிரேக்கும் மாட்டுச்சு. பின் இடது சக்கரத்துக்கு போற பிரேக் பைப்ப மடிச்சு சுத்தியலால தட்டி அடைச்சு வச்சிருக்காங்க. வீல் சிலிண்டர் ஒழுகிருக்கு, கிட்டு கிடைக்கலயோ இல்ல வாங்க மனசில்லயோ, அந்த சக்கரத்துக்கு பிரேக்கே வேணாம்னு முடிவு பண்ணிருக்காங்க. ஹெரால்டுல பிரேக் ஒரே சர்க்யூட், நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன், எங்க ஒழுகினாலும் மொத்தமும் போகும், அதனால தான் அந்த பயத்துல அடைச்சிருக்காங்க, புரியுது. ஆனா மூணு சக்கரத்துல மட்டும் பிரேக் பிடிக்கிற வண்டி மழையில அவசரத்துக்கு அழுத்தினா எந்தப் பக்கம் இழுக்கும்? டிரம்ம மூடி வெளிய பாத்தா எல்லாம் ஒழுங்கா இருக்கிற மாதிரியே தான் இருக்கு. மாஸ்டர் சிலிண்டர்ல வேற பிரேக் ஆயிலோட எஞ்சின் ஆயிலோ என்னமோ கலந்து விட்டு ரப்பர் வாஷர் எல்லாம் ஊதிப் போயிருக்கு.

நான் எல்லாரையும் ஒரே தட்டுல வச்சு திட்டல. அந்த காலத்த யோசிச்சுப் பாத்தா நிறைய விஷயம் புரியும். எழுபதுகளோட ஆரம்பத்துல ஹெரால்ட நிறுத்திட்டு கேசல்னு ஒரு வண்டி விட்டாங்க, அதுவும் 1977-ல நின்னு போச்சு, அப்புறம் ஸ்டாண்டர்டு 2000-ன்னு பெரிய வண்டி போட்டுப் பாத்தாங்க, அதுவும் எடுபடல, 1988-ல ஃபேக்டரியே மூடிட்டாங்க. அதுக்கப்புறம் ஹெரால்டுக்கு ஸ்பேர் எங்கேர்ந்து வரும்? வெளிநாட்டுலேர்ந்து வரவழைக்க அப்ப இன்டர்நெட்டும் கிடையாது, அவ்வளவு காசும் கிடையாது. அவங்களுக்கு அது கிளாசிக் கார் இல்ல, புள்ளைங்கள ஸ்கூல்ல விடுறதுக்கு இருந்த பழைய வண்டி, திங்கக்கிழமை காலைல ஓடியாகணும். கிடைச்சத வச்சு ஒப்பேத்தி ஓட்டினத நான் மரியாதையோட தான் பாக்குறேன். பானெட்டோட பக்க லாக் ஒடைஞ்சதுக்கு வீட்டுக் கதவுல போடுற தாழ்ப்பாள ஸ்க்ரூ பண்ணி வச்சிருந்தாங்க, அதப் பாத்து எனக்கு கோவமே வரல, ஏன்னா அது ஒளிவு மறைவு இல்லாம வெளிய தெரியுது, பானெட் ரோட்டுல திறந்துக்காம காப்பாத்தி வச்சிருக்கு, கழட்டினா நாலு ஓட்டை அடைக்கணும் அவ்வளவு தான்.

அந்த வண்டில நல்ல வேலை பாத்த ஒருத்தரும் இருந்திருக்கார். வாட்டர் பம்ப கழட்டினப்போ உள்ள இருந்த தண்டு கம்பெனி தண்டு இல்ல, லேத்துல புதுசா கடைஞ்சது, ஆனா என்ன ஒரு ஃபினிஷிங், தடவிப் பாத்தா கையில ஒண்ணும் தட்டல. அத விட முக்கியம், பம்ப்போட உள் பக்கத்துல, கழட்டினா மட்டும் தெரியுற இடத்துல, போட்டிருக்கிற பேரிங் நம்பர பஞ்ச் வச்சு தட்டி எழுதி வச்சிருக்கார். ஒரிஜினல் பேரிங் கிடைக்கல, கடையில கிடைக்கிற சைஸுக்கு ஏத்த மாதிரி மாத்திருக்கேன், அடுத்து பிரிக்கிறவன் அலைய வேணாம்னு எழுதிருக்கார். நான் கடைக்குப் போய் அந்த நம்பர சொன்னேன், அடுத்த நிமிஷம் எடுத்து குடுத்துட்டாங்க. அவர் யாருன்னு எனக்கு தெரியாது, எந்த வருஷம் பண்ணினாருன்னும் தெரியாது. காசு இல்லாத காலத்துல, ஸ்பேர் இல்லாத வண்டிக்கு, எப்படி வேலை பாக்கணும்னு எனக்கு காமிச்சவர் அவர் தான். அவருக்கும் அந்த தண்ட வெல்டிங் பண்ணினவருக்கும் கிடைச்ச வசதி ஒண்ணு தான், கஷ்டமும் ஒண்ணு தான்.

ஹெரால்டோ ஃபியட்டோ அம்பாசடரோ, பழசு வாங்கப் போறவங்க தயவு செஞ்சு பெயிண்ட பாத்து மயங்காதீங்க. காந்தம் எடுத்துட்டு போங்க. நாலு சக்கரத்தையும் தனித்தனியா ஜாக்கில தூக்கி, ஒருத்தர பிரேக் அழுத்தச் சொல்லி, ஒவ்வொரு சக்கரமும் நிக்குதான்னு கையால சுத்திப் பாருங்க, இதுக்கு ஒரு அரை மணி நேரம் கூட ஆகாது. போல்ட் தலை எல்லாம் எப்படி இருக்குன்னு பாருங்க, ஹெரால்டுல எல்லாம் இஞ்ச் போல்ட், அரை இஞ்ச் ஸ்பேனர் போட வேண்டியதுக்கு 13 எம்எம் ஸ்பேனர் போட்டு போட்டு மூலை மழுங்கியிருந்துச்சுன்னா அந்த வண்டில யார் வேலை பாத்திருக்காங்கன்னு புரிஞ்சிடும். என் வண்டில பாதி இடத்துல 5/16 இஞ்ச் மரைக்குள்ள எட்டு எம்எம் போல்ட்ட அடிச்சு ஏத்திருக்காங்க, பாக்க ரெண்டும் ஒரே தடிமன் தான், ஆனா மரை வேற, முதல் ரெண்டு சுத்து போகும், அப்புறம் மரைய நாசம் பண்ணிட்டு தான் உள்ள போகும். ஹெரால்டுன்னா கட்டாயம் ட்ரன்னியன்ல கடைசியா என்ன விட்டீங்கன்னு கேளுங்க. கிரீஸ்னு சொன்னா, இல்ல ட்ரன்னியன்னா என்னன்னு கேட்டா, அத பிரிச்சுப் பாக்காம அந்த வண்டிய ஓட்டிட்டு வீட்டுக்கு வராதீங்க, டோ பண்ணிட்டு வாங்க.

விக்கிறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்க என்ன மாத்தினீங்க, எத வெட்டினீங்க, எதுக்கு பதில் எத போட்டீங்கன்னு ஒரு நோட்டுல எழுதி ஆர்சி புக்கோட சேர்த்து குடுத்துடுங்க. கழட்டின பழைய சாமான காயலான் கடைக்கு போடாதீங்க, உடைஞ்சு போயிருந்தாலும் பரவாயில்ல, அந்த உடைஞ்ச துண்ட வச்சு அளவு எடுத்துக்கலாம். என் வண்டியோட ஒரிஜினல் கதவு கீல், பானெட் லாக், வயரிங் ஹார்னெஸ் எல்லாம் ஒரு அட்டைப் பெட்டில போட்டு பரண்ல வச்சிருந்தாலே போதும், எனக்கு பாதி வேலை குறைஞ்சிருக்கும். எனக்கு அந்தப் பெட்டி கிடைக்கல, ஆனா நான் கழட்டுற ஒவ்வொண்ணையும் சீட்டு எழுதி கட்டி வச்சுட்டு வரேன், அந்த வெல்டிங் பண்ணின தண்டு உள்பட.

இப்போதைக்கு ரெண்டு பக்க வெர்டிகல் லிங்க்கும் ட்ரன்னியனும் இங்கிலாந்துலேர்ந்து வரவழைச்சு மாட்டியாச்சு, அங்க இன்னும் புதுசா கிடைக்குது. பிரேக் பைப் முழுக்க புதுசு. அடுத்து பின் ஸ்ப்ரிங், குறுக்க இருக்கிற ஒரே பட்டை ஸ்ப்ரிங் அது, தொங்கிப் போச்சுன்னு யாரோ லாரி பட்டைய வெட்டி ரெண்டு லீஃப் சேர்த்து பின்னாடிய தூக்கி வச்சிருக்காங்க, ஸ்விங் ஆக்ஸில், அதாவது ரெண்டு பின் சக்கரமும் தனித்தனியா மேல கீழ ஆடுற ஆக்ஸில், வச்ச வண்டில பின்னாடிய தூக்கினா வளைவுல சக்கரம் உள்ள மடிஞ்சு வண்டி சுத்திடும். ஒரிஜினல் ஸ்ப்ரிங்ல எத்தனை லீஃப், நடுவுல எவ்வளவு வளைவுன்னு மார்க் 3 வச்சிருக்கவங்க யாராவது அளந்து சொன்னா ரொம்ப உதவியா இருக்கும், முடிஞ்சா வண்டி காலியா நிக்கும்போது எடுத்த ஒரு போட்டோவும்.